கணேஸ் பூட்டிய போல்ட்டுகள்

திகனயில் பஸ்ஸை விட்டு இறங்கி கணேஸ் வீடு எது என்று கேட்டால், "கராஜ் கணேஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வழி சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்வார்கள். "அவன் பூட்டினதத் திரும்பப் பார்க்கத் தேவையில்ல." வாடகை வீட்டில் இருக்கிற, நாற்பத்தெட்டு வயதாகியும் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லாத மனிதன் அவன். அந்தப் பேச்சுத்தான் அவனுக்குச் சொத்து. போன சித்திரையில் அது போனது. போக வைத்தவன் நான் என்று அவன் வீட்டில் நினைக்கிறார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பில், அடுத்தடுத்த லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அவன் அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலை அடுப்புக்கு விறகு பிளந்தார். எட்டாம் வகுப்போடு கணேஸ் பள்ளிக்கூடத்தை விட்டான். நான் அதற்கும் முன்னாலேயே விட்டிருந்தேன். இருவரும் அதே தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கப் போய், பிறகு மெசின் பழுது பார்க்கிற பிட்டரின் பின்னால் சாமான் தூக்கி, கடைசியில் நாங்களே பிட்டர்கள் ஆனோம்.

அவன் வருவதற்கு முன்னால் சிரிப்பு வரும். ஒரு முறை கொழுந்து அரைக்கிற ரோலர் நின்றுவிட்டது. கொழுந்து உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறார். இவன் மெசினுக்கு அடியில் படுத்திருந்தவன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஐயா, நீங்க சத்தம் போட்டா மெசினு பயந்துக்குது. கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லுங்க, நான் சமாதானம் பண்ணி எழுப்பிவிடுறேன்" என்றான். டீமேக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெசினும் எழும்பியது.

எப்படி எழும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை வாரத்தில் ஆறு நாளும் ஓடும். பறித்த கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. ரோலரில் போல்ட் ஒன்று உடைந்தால் முறைப்படி எல்லாவற்றையும் கழற்றி, உடைந்த துண்டை வெளியே எடுத்துப் புதியது போட வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதனால் உடைந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, மரை வெட்டி, ஸ்டட் என்கிற சின்னத் திருகுத் துண்டு ஒன்றைத் திருகி, அதன் தலையில் நட்டைப் பூட்டிவிடுவோம். மரை நழுவாமல் இருக்க, சிவப்புப் பெயிண்டில் தோய்த்த நூலை ஸ்டட்டில் சுற்றுவோம். வெளியிலிருந்து பார்த்தால் புது போல்ட்தான். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை மூடியதும் எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காகச் செய்வோம். இதற்கு எங்களுக்குள் ஒரு பெயர் இருந்தது, "ஞாயித்துக்கெழம வேல". கணேஸ் அதில் சூரன். நூல் சுற்றுவதில் அவன் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் மேலிருந்து கீழே சுற்றுவார்கள், அவன் கீழிருந்து மேலே சுற்றி நுனியில் ஒரு முடிச்சுப் போடுவான்.

என் மகள் கிருஷாந்தி பிறந்தபோது மனைவிக்கு இரத்தம் போதவில்லை. கணேஸ் தோட்டத்து லொறியில் ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். முதலில் கையை நீட்டியவனும் அவன்தான். கிருஷாந்தி அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவள் தெற்றுப் பல்லை வைத்து அவன் கேலி செய்வதும், அவள் அவன் தொப்பையைக் குத்துவதும் நின்றதே இல்லை.

தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு இருவரும் திகனக்கு வந்து இந்த கராஜைப் போட்டோம். தண்ணீர் பம்ப், லேண்ட்மாஸ்டர் உழவு மெசின், அரிசி மில் மெசின், எது வந்தாலும் பார்ப்போம். நான் வாய் பேசமாட்டேன். வந்தவர்களோடு சிங்களத்திலும் தமிழிலும் சிரித்துப் பேசி அவர்களைப் பிடித்து வைத்திருந்தது கணேஸ்தான்.

அப்படித்தான் முஹ்ஸின் நானாவும் எங்களுக்குப் பழக்கமானார். வயதில் மூத்த முஸ்லிம்களை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தாற்போல் மேட்டில் அவருக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. அவர் திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகை வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்டியில் பாய்மரப் படகா என்று ஊரே வேடிக்கை பார்த்தது. வருகிற விருந்தாளிகளை நீர்த்தேக்கத்தில் சுற்றிக் காட்டலாம் என்பது நானாவின் எண்ணம். பாய் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளையும் அங்கிருந்தே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எங்களுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த ஆள்தான் காட்டிக் கொடுத்தான். படகின் வயிற்றுக்கு அடியில் கீல் என்று ஒன்று தொங்குகிறது. வார்ப்பிரும்பில் செய்த பெரிய மீன் செட்டை மாதிரி. காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் இழுத்துப் பிடிப்பது அந்தப் பாரம்தான். அதைப் படகோடு சேர்த்து வைத்திருப்பது ஏழு போல்ட். நட்டுகள் மட்டும் படகுக்குள்ளே, கால் வைக்கும் பலகைக்குக் கீழே தெரியும். மிச்ச உடம்பு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு இரும்புக்குள் இறங்கி மறைந்துவிடும். படகும் இரும்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் புகுந்தால் போல்ட்டை அங்கேதான் துரு தின்னும். மேலே நட்டு நன்றாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. கீல் கழன்று விழுந்தால் படகு ஒரே புரட்டலில் தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவனுக்கு என்ன ஏது என்று பார்க்கவும் நேரம் இருக்காது.

கடலில் கிடந்த படகு, ஏழு நட்டிலும் துரு வழிந்திருந்தது. கீலை இறக்கி ஏழையும் மாற்றித் தரச் சொன்னார் நானா. வேலையைப் பொறுப்பெடுத்த வாரம் எனக்குச் சிறுநீரகத்தில் கல். பேராதனை ஆஸ்பத்திரியில் வெட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். கணேஸ் கெஸ்ட் ஹவுஸ் வேலையாட்களை வைத்துக்கொண்டு தனியாகச் செய்தான்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அன்றைய வேலையைச் சொல்வான். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்பார்கள்.

"கீலு எறங்குச்சு பாரு மச்சான். பாரம் தூக்குற ஜக்க ஒவ்வொரு பல்லா எறக்குறேன். அதுபாட்டுக்கு மெதுவா, மெதுவா... பெரஹரா ஊர்வலம் முடிஞ்சு ஆனை படுக்குமே, முன்னங்கால மடிச்சு, பொறகு பின்னங்கால மடிச்சு? அப்பிடியே படுத்துச்சு. ஒரு சத்தமில்ல."

"பழைய போல்ட்டெல்லாம்?"

"சப்பித் துப்புன கரும்புதான். நல்ல வேள, நானா இப்பவாச்சும் கேட்டாரு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், தையல் வலித்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆனைக் கதையைக் கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், வேலை கொண்டுவருகிறவர்களிடம் சொன்னேன். என் ஆள் தனியாக ஒரு கீலை இறக்கி ஏற்றியவன் என்று சொல்லும்போது நானே இறக்கியது மாதிரி இருக்கும்.

படகு மூன்று வருடம் ஓடியது. வெள்ளைக்காரர்கள் போனார்கள், கொழும்புக்காரர்கள் போனார்கள். போன வருடம் கிருஷாந்திக்குத் தாதிமார் கல்லூரியில் இடம் கிடைத்தது. நானா சந்தோஷத்தில் அவளையும் அவள் கூட்டாளிகளையும் படகில் ஏற்றி, அணைக்கட்டுப் பக்கம் வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். படகு ஒரு பக்கமாகச் சரிந்து போனபோது பிள்ளைகள் கத்திச் சிரித்தது கரைக்குக் கேட்டது. நானும் கணேஸும் கரையில்தான் நின்றோம்.

போன சித்திரை வெயிலில் நீர்த்தேக்கம் இறங்கி அடித்தரை வெடித்துக் கிடந்தது. பெயிண்ட் அடிக்க இதுதான் நேரமென்று நானா படகைக் கரையேற்றி, மரக்கட்டைகளில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். நோன்புப் பெருநாள் லீவுக்கு அக்குறணையிலிருந்து அவருடைய பேத்திமார் வருகிறார்கள், படகில் போக வேண்டும் என்று இப்போதே போனில் கத்துகிறார்களாம். "சும்மா ஒருக்கா போல்ட்டுகளப் பார்த்துட்டு எப்பிடி ஈக்குதெண்டு செல்லுங்க" என்று கராஜுக்கு ஆள் அனுப்பினார்.

கணேஸ் மடுல்கெல்லக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தான். போனில் சொன்னேன். "நீ போவாத மச்சான், வெயில்ல என்னாத்துக்கு? நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றான். சும்மா இருக்கிற நேரம்தானே என்று நான் போனேன்.

முதலில் வெளியே பார்த்தேன். கீல் படகோடு சேருகிற இடத்தில், முன்பக்கமாக, மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. மூன்று வருடத்து வேலையில் அது இருக்கக்கூடாது. உள்ளே ஏறிப் பலகையைத் தூக்கினேன். ஏழு நட்டும் பளபளவென்று இருந்தன. சுத்தியலால் தட்டினேன், எல்லாம் நல்ல சத்தம். தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், சத்தம் நன்றாக இருந்தால் போல்ட் நன்றாக இருக்கிறது. இறங்கிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பழுப்புக் கோடு மனதில் நின்றதால் முன் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, பிடியில் பைப் ஒன்றைச் செருகி ஒரு இழு இழுத்தேன்.

நட்டு சுற்றியது. கூடவே போல்ட்டும் சுற்றியது. இன்னொரு இழுப்பில் கையோடு வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. கீழிருந்து மேலே சுற்றிய சிவப்பு நூல், நுனியில் முடிச்சு.

அந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தேன். துளைக்குள் டோர்ச் அடித்தேன். துரு தின்று மெலிந்த பழைய போல்ட்தான் அப்படியே நின்றது. அதன் நடுவில் துளை போட்டு இதைத் திருகி வைத்திருக்கிறான். அடுத்ததையும் இழுத்தேன். வந்தது. ஐந்து இப்படியே வந்தன. மீதி இரண்டில் பழைய போல்ட்டுக்குப் புது நட்டு மட்டும் மாற்றியிருந்தான். ஏழில் ஒன்றுகூடப் புதியதில்லை. கீல் இந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் இறங்கவில்லை.

ஐந்து துண்டையும் ஒரு பத்திரிகையில் வரிசையாக வைத்துவிட்டுப் படகின் நிழலில் உட்கார்ந்தேன். எழும்பிப் போக மனம் வரவில்லை. பின்னேரம் கணேஸ் மடுல்கெல்லயிலிருந்து நேரே அங்கே வந்தான். நெற்றியில் திருநீறு, கையில் கோயில் பிரசாதப் பை. நான் வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகையைப் பார்த்ததும் நின்றான்.

"யாரு இதையெல்லாம் கழட்டச் சொன்னா?"

"யாரும் கழட்டலடா. அதுவா வந்துச்சு."

அவன் பையைக் கீழே வைத்தான். எனக்கு முன்னால் குந்தினான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஆனை படுத்துச்சுன்னியே. எந்த ஆனைடா அது?"

"மச்சான், ஒரு நிமிசம் கேளு."

"முன்னங்கால மடிச்சுச்சு, பின்னங்கால மடிச்சுச்சு. எனக்குச் சோத்த ஊட்டிக்கிட்டே சொன்னியே."

"ஒத்த ஆளா என்னா செய்யச் சொல்ற? நட்டக் கழட்டினா அஞ்சு போல்ட்டு தலையோட முறிஞ்சிருச்சு. மிச்ச உடம்பு அசைய மாட்டேங்குது. கீலு ஒட்டிக்கிட்டு நிக்குது. வந்தவனுகளுக்கு ஜக்கு புடிக்கக்கூடத் தெரியல, எவன் காலு மேலயாச்சும் விழுந்தா? சனிக்கெழம விருந்தாளி வர்றாங்கன்னு நானா நிக்கிறாரு. சரி, இப்போதைக்கு ஸ்டட்டப் போட்டு ஓட்டுவோம், நீ வந்ததும் ரெண்டு பேருமா எறக்குவோம்னு நெனச்சேன்."

"ஞாயித்துக்கெழம வேல."

"ஆமா. அதேதான்."

"நான் வந்து மூனு வருசமாச்சு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குரல் ஏறியது. "எப்பிடிடா சொல்றது? நீ வந்ததும் வராததுமா ஊரெல்லாம் ஆனைக் கதையச் சொல்லிட்ட. சலூன்ல சொன்ன, மில்லுல சொன்ன. நானா என் கையப் புடிச்சு முத்தம் குடுத்தாரு. அதுக்குப் பொறகு நான் போயி, இல்ல நானா, அது ஞாயித்துக்கெழம வேலன்னு சொல்லணுமா? நீதானே என்னையத் தூக்கி மேல வச்ச?"

என் வாயால் அவன் பொய்யைப் பரப்ப வைத்துவிட்டு, இப்போது நான்தான் பரப்பினேன் என்கிறான்.

"கிருஷாந்தி ஏறுனாளே கணேஸ்."

"ஒன்னும் ஆவாதுன்னு நம்பினேன். சாமி சத்தியமா. உப்புத் தண்ணியா, கடலா? தாங்கும்னுதான் நெனச்சேன். மனசறிஞ்சு நம்ம புள்ளய ஏத்துவனா?" கண் கலங்கியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நானாகிட்டச் சொல்லாத. பெயிண்ட் வேலன்னு சொல்லிக்குவோம். நம்ம ரெண்டு பேருமா எறக்கி, ஏழையும் புதுசாப் போட்டுருவோம். இனி ஒருத்தருக்கும் ஒன்னும் வரப்போறதில்ல. என் பேரு மட்டும் இருக்கட்டும் மச்சான். வேற என்னா இருக்கு எங்கிட்ட?"

அந்த நேரம் அவன் சொன்னதை நம்பினேன். தாங்கும் என்று நினைத்துத்தான் விட்டிருக்கிறான் என்று நம்பினேன். அதனால்தான், "நீயே நானாகிட்டச் சொல்லு. நீ சொன்னா மன்னிப்பாரு" என்றேன்.

நானா குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். நோன்பு நேரம், முகம் வாடியிருந்தது. பத்திரிகையில் இருந்ததைப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

கணேஸ் ஒரு துண்டை எடுத்துக் காட்டினான். "நானா, இப்ப வர்ற ஸ்டெயின்லெஸ் சாமானெல்லாம் போலி. கடைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான். பாருங்க, மூனே வருசத்துல எல்லாம் முறிஞ்சிருச்சு..."

அவன் சொல்லச் சொல்ல முகம் பழையபடி மலர்ந்து வந்தது. கை ஆடத் தொடங்கியது. விட்டால் இன்னொரு கதை வந்திருக்கும். அதையும் நான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

"சாமான்ல பிழையில்ல நானா," என்றேன். "கீல எறக்கவேயில்ல. பழைய போல்ட்டு மேல தலையை மட்டும் ஒட்ட வச்சிருக்கான்."

நானா என்னைப் பார்க்கவில்லை. கணேஸையே பார்த்தார். "உள்ளதச் செல்லுங்க கணேஸ். எறக்கினீங்களா இல்லயா?"

"இல்ல நானா."

குடை அவர் கையில் சாய்ந்தது. "எண்ட பேத்திமாரு போன தடவையும் இதுல போன. சின்னவ அந்த முன்னுக்குத்தான் ஏறி நிண்ட." குடையை நிமிர்த்திப் பிடித்தார். "அல்லாதான் காப்பாத்தீக்கிறான். ரெண்டு பேரும் இத ஒழுங்காச் செஞ்சு தாங்க. செஞ்சு முடிச்சாப் பொறகு நான் ஒருக்கா பார்க்கோணும்." திரும்பி மேட்டில் ஏறிப் போனார். ஏசவில்லை. கணேஸுக்கு அது ஏச்சை விடப் பெரிது என்று அவன் நின்ற நிலையில் தெரிந்தது.

மறுநாளிலிருந்து வேலை. கொழும்பிலிருந்து போல்ட்டுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் தண்டு எடுப்பித்து, குண்டசாலை லேத்தில் மரை வெட்டுவித்தோம். படகுக்கு அடியில் பள்ளம் தோண்டி, கீலுக்குக் கீழே லொறி ஜக்குகளை வைத்தோம். சேர்ந்திருந்த இடத்தைக் கம்பி போட்டு இருபக்கமும் நின்று அறுத்தோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் இழுக்க, மற்றவன் விட வேண்டும். பேச்சு இல்லாமலேயே கைகள் வேலையைச் செய்தன. முப்பது வருடப் பழக்கம் அது.

கீல் ஆனை மாதிரி ஒன்றும் படுக்கவில்லை. கிரீச்சென்று ஒரு கத்தல், பிறகு ஒரு குதி. ஒரு ஜக் வழுக்கி எகிறியது. படகு முழுவதும் ஆடி, முட்டுக்கொடுத்த கட்டை ஒன்று விழுந்தது. சேறும் துருவும் எங்கள் முகத்தில் அடித்தன. அவன் சொன்ன கதையில் சத்தமே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரும்பு சத்தமில்லாமல் எங்கே பிரிந்தது?

பழைய போல்ட்டுகளைச் சுடவைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நடுவில் சில பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தன. ஒன்று பிடுங்கும்போதே கையில் இரண்டாகப் போனது.

அன்று மத்தியானம் அவன் மனைவி சுதர்சினி சோறு கொண்டுவந்தாள். கெஸ்ட் ஹவுஸ் வேலையாட்கள் மூலம் விசயம் அதற்குள் கடைத்தெரு வரைக்கும் போயிருந்தது. அரிசி மில்காரர் தன் மெசினை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார். கணேஸ் பள்ளத்துக்குள் கீலுக்கு அடியில் படுத்து ஜக்கைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் கை கழுவ வந்தபோது அவள் என்னிடம் மெல்லிய குரலில் பேசினாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம். கடையில எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க. அவரு உங்க மேல உசுர வச்சிருக்கிற மனுசன்."

"எனக்கும் தெரியும் தங்கச்சி."

"வேணும்னு செய்யிறவர் இல்ல அண்ணே. ரொம்பப் பயந்த மனுசன். நானா எங்களையும் எத்தன தடவ கூப்பிட்டாரு, வாங்க படகுல போவோம்னு. இவரு விடவேயில்லியே. புள்ளைங்க அழுதுச்சுங்க. என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கினாரு, நீயோ புள்ளைங்களோ அதுல கால் வைக்கக்கூடாதுன்னு. அவ்வளவு பயம் தண்ணின்னா."

ஜக் சுற்றுகிற சத்தம் நின்றது.

சுதர்சினிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியவில்லை. சோற்றுப் பார்சலை என் கையில் தந்தாள். "ரெண்டு பேரும் சாப்பிடுங்க, ஆறிரும்" என்றாள். நான் பள்ளத்தைப் பார்த்தேன். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜக் மறுபடி சுற்றத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

கடலா, உப்பா, தாங்கும் என்று நினைத்தேன் என்றவன். மனசறிஞ்சு ஏத்துவனா என்றவன். கிருஷாந்தி அதில் சரிந்து போகும்போது என் பக்கத்தில் நின்று கை காட்டியவன். அவள் பிறக்கும்போது தன் இரத்தத்தைக் கொடுத்தவன்தான். அவன் சாப்பாட்டைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டால் இன்னொரு கதை சொல்வான், அதையும் நான் நம்பிவிடுவேன் என்ற பயம்தான் எனக்கு.

ஏழு போல்ட்டையும் அவனே பூட்டினான். சேருகிற இடத்தில் தண்ணீர் புகாமல் சீலர் பசை பூசி, கீலை ஏற்றி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கி, இரண்டு நாள் காயவிட்டு மறுபடி முறுக்கினான். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளில் இதைவிடச் சுத்தமானதை நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இப்படிச் செய்யத் தெரிந்த கைதானே.

பெருநாளுக்கு முதல் நாள் நானா வந்தார். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படகுக்குள் இறங்கி, மண்டியிட்டு, போனின் வெளிச்சத்தில் ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தார். ஒன்றை விரலால் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். கணேஸ் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் பூட்டியதை ஒருவர் குனிந்து பார்ப்பதை அவன் பார்த்தது அன்றுதான். காதோரம் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை.

"சரி," என்றார் நானா, என்னைப் பார்த்து.

பேத்திமார் படகில் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் யாரும் கரைக்குப் போகவில்லை.

ஏன் இன்னும் ஒரே கராஜில் இருக்கிறீர்கள் என்று கிருஷாந்தி கேட்கிறாள். அவளிடம் நான் முழுவதும் சொல்லவில்லை. இருவருக்கும் வேறு தொழில் தெரியாது, வேறு இடமும் இல்லை. வேலை குறைந்துவிட்டது. வருகிறவர்கள் என்னிடம் வந்து, "நீங்களே பாருங்க அண்ணே" என்கிறார்கள். கணேஸ் காலையில் வருகிறான், பிளேன்டீ ஊற்றுகிறான், எனக்கும் ஒரு கப் வைக்கிறான். சிரிப்பு இப்போது அவனோடுதான் வருகிறது, முன்னால் வருவதில்லை.

அவன் ஒரு போல்ட்டைப் பூட்டி முடித்ததும் நான் கிட்டப் போவேன். அவன் எழும்பி, ஸ்பேனரைத் துணியில் துடைத்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டுவான். நான் வாங்கி, அவன் முகத்துக்கு நேரேயே ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன்.